முதல் கேள்வி

மருத்துவரின் எதிரில் போய் உட்கார்ந்ததும் தமிழ்நாட்டில் நோயாளியின் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: "என்ன செய்யுது?" படித்தவரிடமும் படிக்காதவரிடமும், காரில் வந்தவரிடமும் டவுன் பஸ்ஸில் வந்தவரிடமும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்பவருக்குத் தெரியவேண்டியது உடம்பு என்ன சொல்கிறது என்பது மட்டும். ஊரோ உறவோ சம்பளமோ அந்தக் கேள்விக்குள் நுழைவதில்லை.

ஆனால் பெரிய மருத்துவமனைகளில் மருத்துவரிடம் போய்ச் சேரும் முன் ஒரு மேசையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அங்கே கேட்கப்படுவது வேறு: "கார்டு இருக்கா?" முதலமைச்சர் காப்பீட்டு அட்டையா, இ.எஸ்.ஐ.யா, கம்பெனி பாலிசியா, இல்லை கையில் ரொக்கமா? மருத்துவச் செலவைப் பற்றிச் சட்டமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் டீக்கடையிலும் நடக்கும் விவாதங்களை எல்லாம் ஒரே கயிறாகத் திரித்தால் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் கட்டிவிடலாம். நோயோடு வந்து நிற்கும் மனிதரிடம் எதை முதலில் கேட்பது அறம்?

காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் ஏனாத்தூரில் நின்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு முகம் கிடைக்கும். அந்தப் பகுதியிலேயே தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று உண்டு. அடுத்துள்ள காரப்பேட்டையில் இருப்பது அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை. ஒரு பக்கம் பட்டுத் தறிகளின் நகரம். மறுபக்கம் உத்திரமேரூர் வரைக்கும் நெல்வயலும் ஏரியும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஷிஃப்ட் பஸ்கள் வேறு. இப்படிப்பட்ட வட்டாரத்தின் ஒரே தெருவில் மூன்று வகைக் குடும்பங்களைக் காணலாம். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும். தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளையின் வீட்டில் இ.எஸ்.ஐ. இருக்கும். பெட்டிக்கடையோ சொந்த ஆட்டோவோ வைத்திருக்கும் வீட்டிலும், சிறிய தனியார் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியையின் வீட்டிலும் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் மூன்று வீட்டுப் பெண்களுக்கும் பயம் ஒன்றுதான். அங்கிருந்து போகும் வழிதான் மூன்றாகப் பிரிகிறது.

காரப்பேட்டை மருத்துவமனை தாங்கி நிற்கும் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, முதலமைச்சராக இருந்தபோதே புற்றுநோய்க்கு ஆளானார். 1968-இல் அறுவை சிகிச்சைக்காக நியூயார்க் வரை போய் வந்தார். 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த மண்ணில் அவர் பெயரால் நோயாளிக்குப் படுக்கை தரும் ஓர் இடம் இருப்பது பொருத்தமானது. மாநிலத்தின் முதலமைச்சரே கடல் கடந்து தேட வேண்டியிருந்த வைத்தியம், அவருடைய ஊர்க்காரருக்குப் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் கிடைக்க வேண்டும். அந்த நினைவுக்கு இதைவிட நல்ல பொருள் சொல்ல முடியாது.

இந்த எண்ணம் இந்த வட்டாரத்துக்குப் புதியதும் அல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது. 'வீரசோழன்' என்ற பெயருடைய ஆதுலர் சாலை ஒன்று, அதாவது நோயாளர் விடுதி, அங்கே நடந்ததை அது விவரிக்கிறது. 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளியைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர் என்று பணியாளர்களை எண்ணி, அவர்களுக்கு நெல்லாகவும் காசாகவும் ஊதியம் வகுத்திருக்கிறார்கள். இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. நோயாளிக்கு அரிசியும், இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெயும்கூடக் கணக்கில் வருகின்றன.

அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போது பெருமையோடு ஓர் உறுத்தலும் வர வேண்டும். வைத்தியம் என்பது படுக்கை, ஆள், மருந்து, சோறு, விளக்கு என்று கண்ணால் காணும் பொருள்களாக அங்கே தயாராக இருந்தது. நோய் வந்த பிறகு பணம் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சாலை கோயிலின் பணியாளர்களுக்கும் அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கும் உரியது. அந்தக் கோயிலுக்கு நெல் அளந்த உழவருக்கும் அதில் ஒரு படுக்கை உண்டு என்று கல்வெட்டு சொல்லவில்லை. மருத்துவம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்த முன்னோர், அது யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள். மீதி வழி நமக்கு விடப்பட்டது.

அந்த மீதி வழியை நம் காலத்தில் கடக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாகனம் காப்பீடு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிற்கவில்லை. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த பிறகு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற அளவு வந்தது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அட்டை உள்ளவர் அரசு மருத்துவமனைக்கும் போகலாம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் சேரலாம்.

இதன் அறப் பயனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. இருதய அறுவை சிகிச்சை என்றால் ஏழை வீட்டில் முன்பு இரண்டே வழிகள் இருந்தன. இருக்கிற காணியை விற்பது, அல்லது மனு எழுதிக்கொண்டு அதிகாரியின் வீட்டுக்கும் அரசியல்வாதியின் வீட்டுக்கும் நடப்பது. மனு போடுகிறவர் கருணையை எதிர்பார்த்து நிற்கிறார். அட்டை வைத்திருப்பவர் தனக்கு உரியதைக் கேட்கிறார். கூனி நின்ற மனிதரை நிமிர்த்திய எந்த ஏற்பாடும் நன்றிக்கு உரியது.

காப்பீட்டின் வேரும் நம் வாழ்க்கைக்கு அந்நியமானதல்ல. மொய் எழுதும் பழக்கத்தில் இருப்பது அதே அறம்தான். ஒரு வீட்டுக்குத் தலைக்கு மேல் செலவு வரும் நாளில் ஊரே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது, வேறொரு நாள் அந்த வீடு திருப்பிச் செய்கிறது. இன்று உனக்கு, நாளை எனக்கு என்ற எண்ணம்தான் அங்கே கணக்கு நோட்டாகிறது. நோய் யார் வீட்டுக் கதவை எப்போது தட்டும் என்று தெரியாது. அதனால் எல்லோரும் சேர்ந்து சுமப்பது அறிவும் ஆகும், அன்பும் ஆகும். ஆகவே காப்பீடு நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியே அல்ல. அந்த மொய்ப் பந்தலுக்குள் யார் யாருக்கு இடம், எந்த நோய்க்கு இடம் என்பதுதான் கேள்வி.

முதலில் யார் என்பதைப் பார்க்கலாம். 2022-இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். கணவனும் மனைவியும் சேர்ந்து பதினோராயிரம் சம்பாதிக்கிற வீடு சட்டப்படி கோட்டுக்கு வெளியே. நோயோ கோட்டைப் பார்த்து வருவதில்லை. பத்தாயிரம் வருகிற வீட்டையும் பதினோராயிரம் வருகிற வீட்டையும் ஒரு கீமோ சிகிச்சையின் செலவு ஒரே மாதிரிதான் சாய்க்கும்.

தறிக்காரரின் நிலையை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். பட்டுச் சேலை நெய்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, சேலைக்குக் கூலி. முகூர்த்த மாதங்களுக்கு முன் வேலை நெருக்கும், பிறகு தறி சும்மா நிற்கும். பாவு கிடைக்கும் ஆண்டு ஒன்று, கிடைக்காத ஆண்டு ஒன்று. இந்த வருமானத்தை ஒரு தாளில் ஓர் எண்ணாக எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த எண் உண்மையா பொய்யா என்று தறிக்காரருக்கே தெரியாது. நேர்மையானவர் கொஞ்சம் கூட்டி எழுதி அட்டையை இழக்கிறார். பயந்தவர் குறைத்து எழுதிக் குற்ற உணர்வோடு வாழ்கிறார். நேர்மைக்குத் தண்டனை வைக்கும் விதி, எவ்வளவு நல்ல நோக்கத்தில் பிறந்திருந்தாலும், தன் அறத்தில் ஓர் ஓட்டையோடுதான் பிறந்திருக்கிறது.

தகுதிக் கோடு போடுவதில் இந்த மண்ணுக்கு நீண்ட அனுபவம் உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலை முறையின் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்துக்கு வருபவருக்கு 35 முதல் 70 வரை வயது இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வரக் கூடாது. கடைசி விதியை இன்றும் வாழ்த்தலாம். முந்தைய விதிகளை நாம் வாக்குரிமையிலிருந்து அழித்துவிட்டோம். நிலம் இல்லாதவரின் ஓட்டும் மிராசுதாரரின் ஓட்டும் ஒன்று என்று 1950-இல் அரசமைப்பு சொன்னபோது, நாடு தாங்குமா என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். நாடு தாங்கியது. ஓட்டுக்கு அழித்த கோட்டை உயிருக்கு மட்டும் ஏன் இன்னும் வரைந்து வைத்திருக்கிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதம் வலுவானது. அரசிடம் பணம் அளவோடுதான் இருக்கிறது. வசதி உள்ளவரின் சிகிச்சைக்கும் பொதுப்பணம் போனால் ஏழைக்குக் குறையாதா? ரேஷன் அரிசியே எல்லோருக்கும் தேவையா என்று கேட்பவர்கள் இதையும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் ஏழைமேல் அக்கறை இருக்கிறது. ஆனால் கொடுக்கும் இடத்தில் கோடு போடாமல், வசூலிக்கும் இடத்தில் போடலாம். வரியை அவரவர் சக்திக்கு ஏற்ப வாங்கி, மருத்துவத்தை அவரவர் நோய்க்கு ஏற்பத் தரலாம். ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட எதுவும் நாளடைவில் கவனிப்பாரற்றுப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். ஊரில் குரல் உள்ளவர்களும் வந்து உட்காரும் வரிசையில்தான் மின்விசிறி ஓடும், குடிநீர் வரும், மருத்துவர் நேரத்துக்கு வருவார்.

தாய்லாந்து இந்த வழியில் நடந்து காட்டியது. அங்கும் முன்பு ஏழைகளுக்கென்று தனி அட்டை இருந்தது. அரசு ஊழியருக்கும் தொழிலாளருக்கும் ஏற்கெனவே இருந்த திட்டங்களில் சேராத மக்கள் அனைவரையும் 2002-இல் வரிப்பணத்தால் ஒரே பந்தலுக்குள் கொண்டுவந்தார்கள். நோயாளி கட்டியது 30 பாட். அது செல்வம் கொழிக்கும் நாடாக இருந்து செய்ததல்ல. நமக்கு அருகில் இலங்கையில் அரசு மருத்துவமனை வாசலில் வருமானச் சான்று கேட்பதில்லை. இந்தியாவில் 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை 2025-க்குள் அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. 2021-22-க்கான தேசியக் கணக்கில் அது 1.84 விழுக்காடு. அதே ஆண்டில் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் சொந்தப் பையிலிருந்து போனது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அது 64.2 விழுக்காடாக இருந்தது என்பதை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் அடகுக் கடையையும் மகளிர் குழுக் கடனையும் நம்பியிருக்கிறது என்பதைக் கவலையோடு சொல்ல வேண்டும்.

இனி எந்த நோய் என்பது. காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். அறுவைக்கும் பெரிய சிகிச்சைக்கும் பட்டியல் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டு. ஆனால் கிராமத்துக் குடும்பத்தை அரிப்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளம் மட்டுமல்ல, அன்றாடம் கரையைத் தின்னும் சிறு அலையும்தான். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, போக வர பஸ் காசு. அதைச் சமாளிக்க முடியாமல் மாத்திரையை விட்டவர்தான் சில ஆண்டுகள் கழித்து டயாலிசிஸுக்கு வந்து நிற்கிறார். அப்போது அட்டை அவரை அன்போடு ஏற்றுக்கொள்கிறது. சிறுநீரகம் கெட்டபின் லட்சங்களைத் தர முன்வரும் ஏற்பாடு, கெடாமல் இருக்கச் சில நூறுகளை மறுத்திருந்தால் அது அறமும் அல்ல, சிக்கனமும் அல்ல.

கைத்தறி நெசவாளர்களுக்காக மத்திய அரசு 2005-06-இல் கொண்டுவந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டு வரம்பு 15,000 ரூபாய்தான். ஆனால் அதில் பாதியை, 7,500 ரூபாயை, படுக்கையில் சேராத வெளிநோயாளிச் சிகிச்சைக்கென்று வைத்திருந்தார்கள். தொகை சிறிது, பார்வை பெரிது. குழித்தறியில் நாள் முழுதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு வருவது இடுப்பு வலியும் கண் மங்கலும் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் உண்மையான பெருமையை நினைவுகூர வேண்டும். அது காப்பீட்டுக்கு முந்தையது. இந்தியாவிலேயே முதலாவதாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939-இல் தனிச் சட்டம் கண்டது சென்னை மாகாணம். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டு, மருந்துகளை மொத்தமாக, தரம் சோதித்து, குறைந்த விலைக்கு வாங்கி, ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்துப் பிரித்துத் தரும் முறை வந்தது. ஆரம்ப சுகாதார நிலையமான பி.எச்.சி.யில் மாத்திரை வாங்க யாரும் வருமானச் சான்று காட்டுவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. பை தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிற பெண் தன்னார்வலர் கேட்பது "என்ன செய்யுது?" என்றுதான். அவரிடம் கோடு இல்லை. இந்த மாநிலம் தன் சிறந்த காரியங்களைக் கோடு போடாமலே செய்திருக்கிறது.

பணம் எதற்குக் கிடைக்கிறதோ அதுதான் பெருகும் என்பதும் கவனத்துக்கு உரியது. அறுவைக்குத் தொகை உண்டு, அறுவை தேவையில்லை என்று உட்கார்ந்து எடுத்துச் சொல்வதற்குத் தொகை இல்லை. பிகாரிலும் சத்தீஸ்கரிலும் காப்பீட்டுத் தொகைக்காகத் தேவையில்லாமல் ஏழைப் பெண்களின் கருப்பை அகற்றப்பட்டதாக 2012-இல் எழுந்த புகார்கள் நாட்டை உலுக்கின. மருத்துவர்கள் எல்லோரும் அப்படி என்பதல்ல. மனசாட்சியும் வருமானமும் எதிரெதிராக இழுக்கும்படி ஓர் ஏற்பாட்டை அமைத்துவிட்டு, மனசாட்சியே எப்போதும் வெல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது மருத்துவருக்கும் அநீதி, நோயாளிக்கும் அநீதி.

அப்படியானால் காப்பீட்டைக் கைவிட்டு, எல்லாப் பணத்தையும் அரசு மருத்துவமனைக்கே தந்துவிடலாமா? நேர்மையாகச் சொன்னால் அதையும் சட்டென்று சொல்லிவிட முடியாது. தனியாருக்குப் போகும் ஏழை அறியாமையால் போவதில்லை. ஜி.எச்.சில் ஒரு நாள் ஸ்கேனுக்கும் மறுநாள் ரிப்போர்ட்டுக்கும் காத்திருந்தால் இரண்டு நாள் கூலி போய்விடும். கடிந்து பேசும் ஊழியரிடம் மானம் போகும். கம்பெனி பாலிசி வைத்துக்கொண்டு தனியாருக்குப் போகும் நாம், ஏழை மட்டும் அரசு வரிசையில் பொறுமையாக நிற்கட்டும் என்று சொல்வது நியாயம் ஆகாது. அட்டை ஏழைக்குத் தந்திருக்கும் தேர்வு உரிமையைப் பறிக்காமலே, அரசு மருத்துவமனையை அவர் விரும்பித் தேர்வு செய்யும் இடமாக ஆக்க வேண்டும். இத்திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் சிகிச்சைக்கான தொகையைப் பெறுகின்றன. அது அந்த நோயாளி படுத்த வார்டின் சுவரிலும் கழிப்பறையிலும் தெரிய வேண்டும்.

அடுத்து நடுவில் நிற்பவர்கள். இ.எஸ்.ஐ.க்கு மாத ஊதிய உச்சவரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். அமைப்புசாரா வேலையில் இருப்பவர் அந்த வரம்புக்குக் கீழே இருந்தாலும் அதில் சேர முடிவதில்லை. ஏழை என்ற கணக்கிலும் வராமல், சம்பளக்காரர் என்ற கணக்கிலும் வராமல் விடுபட்டவர்கள் நாட்டில் சுமார் 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021-இல் மதிப்பிட்டது. தனியாகப் பாலிசி எடுத்தால் பிரீமியம் வயதோடு ஏறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் ஏற்கெனவே சுகர் உள்ளவர் அந்த நோய்க்கான பலனுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். நோயில்லாதவருக்கு எளிதாகவும் நோயாளிக்கு அரிதாகவும் கிடைப்பது, மழை பெய்யும்போது திருப்பிக் கேட்கப்படும் குடை போன்றது.

காப்பீட்டுக் கம்பெனிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நோய் வந்தபின்தான் சேர்வோம் என்று எல்லோரும் இருந்தால் எந்த மொய்ப் பந்தலும் நிற்காது. அமெரிக்கா 2010-இல் இயற்றிய சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. பழைய நோயைக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்கும், நோயில்லாதவரும் சேர வேண்டும் என்று மக்களுக்கும் ஒரே மூச்சில் சொன்னது. இரண்டாவது கட்டளையை அந்நாட்டில் பலர் வெறுத்தார்கள், அதற்கான அபராதம் பின்னர் நீக்கப்பட்டது. நோயாளியைச் சேர்க்க வேண்டுமானால் நலமாக இருப்பவரும் சேர வேண்டும் என்ற உண்மை மட்டும் மாறவில்லை. 'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, நான் ஏன் கட்ட வேண்டும்?' என்று கேட்பவருக்கு அறத்தின் பதில் எளியது. ஒன்றும் இல்லாத நாளில்தான் கட்ட முடியும்.

இன்னொரு கேள்வியும் சபையில் எழும். குடித்து ஈரல் கெட்டவருக்கும், புகையிலை மென்று வாயில் புண் வந்தவருக்கும் ஊரார் பணம் ஏன் போக வேண்டும்? ஒவ்வொருவருக்கும் தன் உடம்பின் மேல் பொறுப்பு உண்டு என்பது சரி. ஆனால் 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசே மதுவைச் சில்லறையாக விற்று வருவாய் எடுக்கிறது. பாட்டிலை விற்றபோது கேட்காத ஒழுக்கத்தைப் படுக்கையில் கிடக்கும்போது கேட்பது அறமாகாது. அதற்கும் மேலாக, தண்டிப்பது மருத்துவத்தின் வேலை அல்ல. குற்றவாளிக்கும் காயத்துக்குக் கட்டுப் போடுகிற தொழில் அது. அந்த மேன்மையை இழந்தால் நல்லவருக்கும் அது நல்ல மருத்துவமாக இருக்காது.

கோடு இல்லாமல் செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்கு இந்த வட்டாரத்துக்கு அருகிலேயே விடை கிடைத்திருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேறு மாநிலத்தவரானாலும் வெளிநாட்டவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை அரசு ஏற்றது. ரத்தம் வழியும் மனிதரிடம் சான்றிதழ் கேட்பது கொடுமை என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட நாள் அது.

ஒப்புக்கொண்ட அந்த உண்மை சாலையோரத்தோடு நின்றுவிடக் கூடாது. லாரி மோதுவது ஒரு நொடியில் நடக்கும் விபத்து. புற்றுநோய் மாதக்கணக்கில் நடக்கும் விபத்து. முதலாவதில் ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டாவதில் தெரிவதில்லை. பார்ப்பவரின் மனம் பதறுவதில்தான் வேறுபாடு, நோயாளியின் தேவையில் இல்லை. உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் மேற்கு வங்க வழக்கொன்றில் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட கூலித் தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. நிதி இல்லை என்பது இந்தக் கடமைக்குச் சாக்காகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ராஜஸ்தான் 2023-இல் மருத்துவ உரிமைக்கென்று சட்டம் இயற்றியபோது தனியார் மருத்துவர்கள் போராடினார்கள். அவசர சிகிச்சை செய்தால் பணம் யார் தருவார் என்ற அவர்களின் கவலையிலும் நியாயம் இருந்தது. மருத்துவரை உபகாரியாக்கி அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. செய்தவருக்குச் சேர வேண்டிய கூலியைக் காலத்தில் தருவதும் இந்த அறத்தின் பகுதி.

ஒருவரை மட்டும் எந்தக் கணக்கும் பார்ப்பதில்லை. மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த திருக்குறள், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து கவனிப்பவரையும் நான்காவதாக வைத்தது. 'கரண்ட்' வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, காரப்பேட்டைக்கு வாரக்கணக்கில் வந்துபோகும் பெண்ணோடு கூட வருகிற கணவனுக்கு அத்தனை நாளும் கூலி இல்லை. சிகிச்சை இலவசமாக இருந்தும் பாதியில் நின்றுபோகிறவர்கள் உண்டு. மருந்துக்குப் பணம் இல்லாமல் அவர்கள் நிற்பதில்லை. பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் இல்லாமல் நிற்கிறார்கள். நோயாளிக்கு அரிசி அளந்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய திருமுக்கூடல் கணக்கு இந்த ஒன்றில் நம்மைவிட முன்னால் நிற்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில், கேள்வி கேட்காமல் திறக்கும் அரசு மருத்துவமனை வாசலும், பி.எச்.சி.யில் தீராத மாத்திரையும். இரண்டாவது, பெரிய நோய்களுக்கு வருமானக் கோடு அழிந்த பாதுகாப்பு, அதற்கு அவரவர் சக்திக்கேற்ற பங்களிப்பு. மூன்றாவதாக, வேண்டுபவருக்கு வேண்டிய தனியார் பாலிசி. வரிசை மாறி, மூன்றாவதை முதலாவதாக வைத்தால் பணம் உள்ளவர் தப்பித்துக்கொள்வார். இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு முதலாவதை மறந்தால் அட்டையின் மேல் எழுதிய தொகை ஏறிக்கொண்டே போகும், அதைப் பயன்படுத்த வேண்டிய நிலைக்கு வருபவர் எண்ணிக்கையும் ஏறும்.

இதைக் கேட்கும் இடமும் ஊரிலேயே இருக்கிறது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்ட உத்திரமேரூர் வட்டாரத்தில் இன்று கிராம சபைக்கு வர நிலம் வேண்டாம், சொந்த மனையும் வேண்டாம். சாலையும் தெருவிளக்கும் குடிநீரும் பேசப்படும் அந்தச் சபையில், நம் பி.எச்.சி.யில் சென்ற மாதம் எந்த மாத்திரை தீர்ந்துபோனது என்றும் கேட்கலாம். கோட்டுக்கு வெளியே நின்றுபோன வீடு நம் தெருவில் எது என்றும் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

மார்பில் கட்டியோடு அந்த மூன்று வீட்டுப் பெண்களும் ஒரே காலையில் ஏனாத்தூரிலிருந்து கிளம்பி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவருக்குப் பின் ஒருவராக அழைக்கப்பட்டு, மூவருமே "என்ன செய்யுது?" என்ற கேள்வியை முதலில் கேட்கும் நாள் வர வேண்டும். செலவை யார் ஏற்பது என்பது அவசியமான கேள்விதான். அதை நாம் நமக்குள் கேட்டு, அவர்கள் பஸ் ஏறும் முன்பே தீர்த்து வைத்திருக்க வேண்டும்.